ஸ்டெல்லாவின் வயலின்

செவ்வாய்க்கிழமை

எங்கள் அறக்கட்டளை இன்று ஒரு பெண்ணிடமிருந்து வயலினைப் பிடுங்கிவிட்டது. பிடுங்கி வந்தவன் நான்.

பிரான்சில் ஒரு இசைக்குழுவுக்கு நாங்கள் நிதி தரப்போகிறோம். அவர்களுடைய நிகழ்ச்சி நிரலில் எங்கள் பெயர் அச்சாகும். அந்தப் பணத்துக்காகக் குருசுக்குப்பத்தில் நடத்திவந்த வயலின் வகுப்பை மூடிவிட்டார்கள். பிள்ளைகளிடமிருந்து வயலின்களை வாங்கி வருவது என் வேலை.

ஸ்டெல்லாவின் அம்மா வயலினைப் புடவையில் சுற்றி வைத்திருந்தார். பிரித்தால் வில்லெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

"கடல் காத்துல வீணாப்போயிடும்னு நான்தான் தேங்கா எண்ண தடவினேன் தம்பி. அதனாலதான் திருப்பிக் கேக்குறாங்களா?"

"அதில்லக்கா, வகுப்புக்கான பணம் பிரான்சுல ஒரு இசைக்குழுவுக்குப் போகுது" என்றேன். அவர் நம்பவில்லை. தன்னால்தான் மகளின் வயலின் போகிறது என்று அழுதார்.

ஸ்டெல்லா அழவில்லை. "நம்மகிட்ட இருந்து புடுங்கி வாசிக்கற அளவுக்கு பிரான்சுல அவ்ளோ கஷ்டமாண்ணா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "ஞாயித்துக்கெழம சர்ச் பூசைல நான்தான் வாசிக்கணும். அது முடிஞ்சதும் நானே ஆபீசுக்குக் கொண்டாந்து குடுத்துடறேன்."

நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அலுவலகத்துக்கு நிகழ்ச்சி நிரலின் மாதிரி வந்திருந்தது. எங்கள் பெயருக்கு மேலே ஸ்டெல்லா, தோளில் வயலினை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். போன மாதம் அந்தப் படத்தை எடுத்து அனுப்பியவனும் நான்தான்.

இயக்குநருக்குச் செய்தி அனுப்பினேன்: 'ஞாயிற்றுக்கிழமைக்குள் வயலினை அவளிடம் கொடுங்கள். இல்லையென்றால் அவள் படத்தை எடுத்துவிடுங்கள்.'

படித்துவிட்டார். இன்னும் பதில் இல்லை.