உங்கள் இறகு முடியைப் பற்றி

உங்கள் போன் இன்றைக்கும் துடித்தது. நீங்க போனில் ஆடின அந்தத் துப்பாக்கி விளையாட்டுக்குள் நுழைகிற நம்பர் வந்திருக்கிறது. யார் வேலை என்று தெரியும். உங்கள் கூட வள்ளத்தில் வந்த ஜெபின்தான்.

முதல் தடவை நம்பர் வந்த அன்று வாசலிலேயே வந்து நின்றான்.

"அக்கா, அண்ணன் போனுல ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்லித் தாங்க."

"என்னத்துக்குலே?"

"அண்ணன் ஐடியில அந்த இறகு முடி உண்டு. இனி யாருக்கும் கிடைக்காது. சும்மா கிடந்து போவுதுல்லா."

சும்மா கிடந்து போவுதாம். எனக்கு வந்த கோபம் அவனோடு நிற்காமல் நேரே உங்களிடம்தான் வந்தது.

அது கிடைத்த நாளை மறந்திருக்க மாட்டீங்க. கடல் கலங்கி, வள்ளமெல்லாம் கரையில் கிடந்த ஆடி மாதம். கட்டிலில் கிடந்து "முடி கெடச்சாச்சு! முடி கெடச்சாச்சு!" என்று கத்தினீங்க. மீன் கழுவிய கையோடு ஓடிவந்து நான் முதலில் பார்த்தது உங்கள் தலையை. எந்த எண்ணெய்க்கும் முளைக்காத வழுக்கை. நீங்க சிரித்துப் புரையேறிப் போனைக் காட்டினீங்க. துப்பாக்கி பிடித்த ஒரு ஆள். அவன் தலையில் சிவப்பும் நீலமுமாக இறகு, முதுகுவரை தொங்குகிறது.

"இத வச்சா குண்டு படாதோ?"

"படும். இது அழகுக்காக்கும், பிள்ளே."

அழகுக்கு! அந்த ஆளுக்குச் சட்டை மாற்றி, பூட்ஸ் மாற்றி, கண்ணாடி போட்டு, முடியும் வைத்துத்தான் சண்டைக்கு இறக்குவீங்க. நீங்க கடலில் இறங்கும்போது? கதவுக்குப் பின்னால் ஆணியில் லைஃப் ஜாக்கெட் தொங்கியது. எடுத்து நீட்டுவேன். "வேர்க்கும்" என்பீங்க. "வலை இழுக்க இடைஞ்சல்" என்பீங்க. "பயலுவ சிரிப்பானுவ" என்பீங்க. போனில் செத்த ஆள் அடுத்த ஆட்டத்தில் எழும்பி வருவான். அந்த நினைப்பிலேயே போயிட்டீங்களோ?

ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தில் வள்ளம் மறிந்து கவிழ்ந்து உங்கள் தலையில் இடித்தது. போதம் போன ஆளுக்கு நீச்சல் தெரிந்து என்ன? ஜாக்கெட் போட்டிருந்தா மிதந்திருப்பீங்க. ஜெபின் ஒரு கேனைப் பிடித்துக் கரையேறினான். சவப்பெட்டியில் கிடத்தி உங்களுக்குப் பூமுடி வைத்தார்கள். அதுவும் அழகுக்குத்தான். பிய்த்து எறியக் கை பரபரத்தது எனக்கு.

அதனால் அன்று வாசலில் நின்ற ஜெபினிடம் கேட்டேன்.

"நீ இப்பம் ஜாக்கெட் போட்டா போற?"

"அது வேர்க்கும், அக்கா."

உங்கள் வாயிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. "எறங்குலே வெளிய!" என்று கத்தினேன். அவன் அசையவில்லை. "அப்ப முடி?" என்றான்.

"இந்தக் கோளு அடங்கி கடல் தெளியுறது வர நீ ஜாக்கெட் போட்டுப் போ. நான் கண்ணால பாக்கணும். பொறவு நம்பர் தாறேன்."

அன்றிலிருந்து விடியும்போது உங்கள் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போகிறேன். ஜெபின் இரண்டு கையையும் தூக்கி நிற்பான். "எலே, அக்கா ஒன்ன பள்ளிக்கூடத்துக்கா அனுப்புதா?" என்று மற்றப் பயல்கள் கூவுவார்கள். நான் கிளிப்பை மாட்டுவேன். ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு ஏச்சு. எல்லாம் உங்களைத்தான். அவனையாக்கும் ஏசுகிறேன் என்று நினைத்து, பாவம், தலையைக் குனிந்து நிற்கிறான்.