கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை

செவ்வாய், இரவு.

கல்யாண மண்டபத்து மாடிப்படிக் கதவுக்குத் தீ தாங்கும் கண்ணாடிதான் என்று வரைபடத்திலேயே போட்டிருந்தேன். மேலே பந்தியில் உட்காருகிற அத்தனை பேரும் இறங்க அந்த ஒரு படிதான். மண்டப முதலாளி, அடி தாங்கும் ஆனால் தீ தாங்காத சாதா டஃபன் கண்ணாடியை இறக்கிவிட்டார். "ரெண்டும் கண்ணாடிதானுங்க அம்மணி. எஞ்சினியர் கையெழுத்த மட்டும் போடுங்க" என்றார்.

கோபம் தலைக்கேறியது. வெல்டரைக் கூப்பிட்டு, நான் கொண்டுபோன தீ தாங்கும் சாம்பிள் துண்டில் கேஸ் தீயைக் காட்டச் சொன்னேன். பால்போல வெளுத்தது, உடையவில்லை. பின்பக்கம் உள்ளங்கையை வைத்தேன். பயம்தான். எடுக்கவில்லை. லேசாகத்தான் சுட்டது.

"இப்ப உங்க கண்ணாடில தீயக் காட்டச் சொல்றேன். பின்னாடி நீங்க கை வைங்க. ஒடனே கையெழுத்துப் போட்டர்றனுங்க."

முதலாளி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.