தெருமுனை வரைக்கும்

மார்ச் 4

அம்மாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாமா உங்கள் முகவரியோடு போன் நம்பரும் கொடுத்தார். போனில் பேசினால் கேட்க வந்ததை விட்டுவிட்டு அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அதனால் கடிதம்.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. மாமா சொல்லியிருப்பார். நான் ஒரு நடனக் குழுவில் இருக்கிறேன். சினிமா நடனம் இல்லை. எங்களுக்கு நடந்ததை, நாங்கள் பார்த்ததை, உடம்பால் சொல்கிற நடனம். இந்த முறை மேடையை எனக்குத் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் வீட்டை விட்டுப் போன காலையை எடுத்திருக்கிறேன். நீங்களாக ஆடப்போவது நான்தான்.

ஏன் போனீர்கள் என்று கேட்கப்போவதில்லை. அந்த வீட்டில் நானும் இருந்தேன். அப்பாவின் கை எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும். என் வேலைக்கு வேண்டியது வேறு. பை எந்தக் கையில் இருந்தது? தாழ்ப்பாளை எப்படிச் சத்தமில்லாமல் எடுத்தீர்கள்? படியில் எப்படி இறங்கினீர்கள்? தெருமுனையில் திரும்பிப் பார்த்தீர்களா?

நினைவிருப்பதை எழுதுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 15

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். எட்டு வயது வரைக்கும் என்னை வா, போ என்றுதான் சொல்வாய். இப்போது ‘நீங்கள்’. பேங்க்கிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருந்தது. சரி, அதைக் கேட்க எனக்கு வாய் ஏது.

நான் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருக்கிறேன். போர்வை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பவளை எல்லோரும் ரேடியோ என்பார்கள், வாய் ஓயாது. என் மகள் நடனம் ஆடுகிறாள் என்றேன். “எந்தப் படத்துல?” என்றாள். படமெல்லாம் இல்லை, நான் வீட்டை விட்டு வந்ததைத்தான் ஆடப்போகிறாள் என்று சொல்லிவிட்டேன். “நல்லாருக்கே! நீ ஓடி வந்ததுக்கு டிக்கெட்டா?” என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு வேலை முடிகிற வரை ரேடியோ பாடவில்லை.

பை வலது கையில். ஜிப் போன பை. அதன் வாயை இறுக்கிப் பிடித்திருந்தேன். செருப்பு இடது கையில். படியில் சத்தம் வரக்கூடாது என்று தெருவுக்கு வந்துதான் போட்டுக்கொண்டேன். தாழ்ப்பாளுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு வைத்திருந்தேன்.

தரையில் விழுந்து ஆடுவீர்களாமே, மாமா சொன்னான். முட்டியைப் பார்த்துக்கொள்.

அம்மா


மார்ச் 24

அம்மாவுக்கு,

செருப்பைக் கையில் பிடித்து இறங்குவதை நேற்று ஆடிப் பார்த்தேன். செருப்பு கையில் இருந்தால் தோள் தானாக மேலே ஏறுகிறது, கழுத்து சுருங்குகிறது. அந்த ஒரு விஷயத்திலிருந்து படிக்கட்டு முழுவதும் கிடைத்துவிட்டது. நன்றி.

ஒத்திகை ஒரு மோட்டார் பட்டறையின் மாடியில் நடக்கிறது. கீழே ஏதாவது எஞ்சினை முடுக்கினால் எங்கள் தரையும் ஆடும். ஆட்டத்தில் வீட்டிலிருந்து தெருமுனை வரைக்கும் நடந்துவிடுகிறேன். அங்கே போனதும் உடம்பு நின்றுவிடுகிறது. தினமும் இதேதான். லைட்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “மேடம், திரும்புவீங்களா மாட்டீங்களா? மூஞ்சிக்கு லைட் வைக்கிறதா, முதுகுக்கு வைக்கிறதா? எதையாவது சொல்லுங்க, நான் ஏணியில நிக்கிறேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதினீர்கள். அந்த ஒன்றை விட்டுவிட்டீர்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 6

என் கண்ணுக்கு,

பதில் தாமதம். கொதிநீர்க் குழாய் உடைந்து ஒரு வாரத் துணி மலையாகக் குவிந்துவிட்டது. கை வீங்கியிருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

திரும்பிப் பார்த்தேன். பார்க்காமல் இருப்பேனா? முனையில் நின்று நம் ஜன்னலைப் பார்த்தேன். சாத்தியிருந்தது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். தூங்கட்டும் என்று போனேன். அப்படியே ஆடு.

அம்மா


ஏப்ரல் 11

அம்மா,

நீ திரும்பவில்லை.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. முக்காலியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாய், சரி. பக்கத்தில் படுத்திருந்த அம்மா இல்லையென்றால் பிள்ளை முழித்துக்கொள்ளாதா? கீழே செருப்பைப் போட்டுக்கொண்டாய். நடந்தாய். கூப்பிட வாய் திறந்தேன். கூப்பிட்டால் அப்பா எழுந்துவிடுவார் என்று மூடிக்கொண்டேன். உனக்காக நான் செய்த ஒரே காரியம் அதுதான். முனை வரைக்கும் உன் முதுகைப் பார்த்தேன்.

தெரிந்துகொண்டேதான் கேட்டேன். அது நியாயமில்லைதான். உன் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன்.

லைட்காரரிடம் சொல்லிவிட்டேன், முதுகுக்கு வைக்கச் சொல்லி. மாமாவிடம் ஒரு டிக்கெட் கொடுத்திருக்கிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

மகள்


மே 2

என் கண்ணுக்கு,

நீ கூப்பிடாமல் நின்றதை எழுதியிருந்தாயே, அதைப் படித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

உன்னை ஏமாற்ற நினைத்து எழுதவில்லை. இத்தனை வருஷமாகத் தூக்கம் வருவதற்கு முன்னால் அந்த முனைக்குப் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்து, நிஜமாகவே பார்த்ததாக எனக்கே ஆகிவிட்டது. உன் கடிதத்துக்குப் பிறகு யோசித்தேன். இல்லை, பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மேலே ஏறி வந்திருப்பேன். வந்திருந்தால் உன் அப்பா என்னை உயிரோடு வைத்திருக்க மாட்டார்.

நிகழ்ச்சிக்கு வந்தேன். நடைவழி ஓரத்து நாற்காலி. என் நடையையே நடந்தாய். இடது காலைச் சற்று இழுப்பதுகூட இருந்தது. யாரும் உனக்கு எழுதித் தந்ததில்லை அது. மேடையை விட்டு இறங்கி, எங்கள் நடுவே நடந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாய். போகும்போது உன் பை என் முட்டியில் உரசியது. திரும்புவாய், இதோ திரும்புவாய் என்று உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்திய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

வாசலில் உன்னிடம் பேச வரிசை நின்றது. நானும் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அம்மாள், என் வயது இருக்கும், உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நீ அவர் முதுகைத் தடவி, “ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல” என்றாய். அடுத்தது நான்தான். என்ன சொல்வது? நன்றாக ஆடினாய் என்றா?

வரிசையை விட்டு விலகி நடந்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். நீ இன்னும் அந்த அம்மாளைத் தேற்றிக்கொண்டுதான் இருந்தாய். உன் முகம் நன்றாகத் தெரிந்தது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

கூப்பிடவில்லை.

அம்மா