மாத்தல, திருப்பிட்டேன்

அண்ணே,

இன்று காலை துரை ஒரு கோணிச் சாக்கோடு வந்தான். அடையாறில் ஷெட் போட்டிருக்கும் உன் டிங்கரிங் துரைதான். ஆட்டோவிலிருந்து இறங்கி, சாக்கைக் கேட்டுக்கு உள்ளே இழுத்து வைத்து, வாயைப் பிரித்துக் காட்டினான். நம் அம்பாசடரின் முகப்புக் கிரில் இருந்தது. நீ கழற்றிப் போட்ட கிரில். பெயிண்ட் தின்னர் வாசனை அதில் இன்னும் அடித்தது. அந்த வாசனையோடு கோபமும் சேர்ந்து எனக்குத் தலைக்கு ஏறியது.

"இன்னாக்கா, இத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது? அண்ணன் இரும்புக்கடைல போட்ற சொன்னாரு. எனக்கு மனசு வர்ல. நீ ஒரு வார்த்த சொல்லு, மறுக்கா மாட்டிக் குடுத்துர்றேன்" என்றான்.

இரும்புக்கடையில் போடச் சொன்னாயாமே. நல்லா இருக்கு உன் நியாயம்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. போனவர்களைப் பற்றி நல்லதாகவே பேசவேண்டும் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் எனக்குப் பாடம் நடத்துகிறார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் உன்னோடு போட்ட சண்டை பாதியில் நிற்கிறது. அதை முடிக்காமல் நீ பாட்டுக்கு எழுந்து போய்விட்டாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை, எழுதுகிறேன்.

அந்த வண்டி யாருடையது என்று உனக்குத் தெரியாதா? நான் பிறந்த வருஷம் அப்பா வாங்கிய வண்டி அது. வெள்ளை மார்க் 4. தி.நகரில் நம் ஜவுளிக்கடை ஆட்கள் அதைப் பாப்பா வண்டி என்றுதான் சொல்வார்கள். "பாப்பா வண்டி வந்துருச்சு, முதலாளி இறங்கறாரு" என்று அவர்கள் குரல் கொடுப்பது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. எட்டு வயதில் நான் சைக்கிளைக் கொண்டுபோய் அதன் முன்பக்க மட்கார்டில் மோதினேன். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நசுங்கி ஒரு சொட்டை விழுந்தது. சரிபண்ணிவிடலாம் என்று டிரைவர் சொன்னபோது அப்பா விடவில்லை. "இருக்கட்டும்யா, பாப்பா வச்ச பொட்டு" என்றார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்தப் பொட்டு அங்கேயே இருந்தது. அப்பாவுக்கு நெஞ்சு வலித்த அன்று ஆஸ்பத்திரிக்கு அவரை ஏற்றிக்கொண்டு அந்த வண்டியை ஓட்டியவள் நான். நீ வேளச்சேரியிலிருந்து வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. நான் அதைக் குத்திக்காட்டவில்லை, வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

சர்வீஸுக்கு விடுகிறேன் என்று சொல்லித்தான் எடுத்துப் போனாய். ஒரு வாரம் என்றாய். ஏழு மாதம் ஆனது. எப்போது கேட்டாலும் "பட்டி காயணும் பாப்பா" என்று ஒரே பதில். பெயிண்டுக்கு முன்னால் பூசுகிற பட்டி எந்த ஊரில் ஏழு மாதம் காய்கிறது? நான் ஒரு மடச்சி, நம்பிக்கொண்டு இருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஹாரன் சத்தம். காபி டம்ளரோடு வெளியே வந்தேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் நம் வீட்டு வாசலில், வாதுமை மரத்தடியில், சாம்பல் நிறத்தில் ஒரு அம்பாசடர் நின்றது. நெருக்கமாகக் கட்டம் போட்ட, அந்தக் காலத்துக் கிரில். பழைய மாதிரி விளக்கு, பழைய மாதிரி பம்பர். உள்ளே டேஷ்போர்டு முதற்கொண்டு வேறு. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். ஓட்டுகிற இடத்தில் நீ உட்கார்ந்து இளித்துக்கொண்டிருந்தாய்.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்க? யாரைக் கேட்டு மாத்துன?" என்று கேட்டேன்.

நீ இறங்கி, பானெட்டைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "மாத்தல பாப்பா. திருப்பிட்டேன்."

அந்த ஒரு வார்த்தை. அன்றிலிருந்து அது என் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. ஒன்றைத் திருப்புவதென்றால் அது முதலில் அங்கே இருந்திருக்க வேண்டும் அல்லவா? இந்த வண்டி என்றைக்கு மார்க் 2 ஆக இருந்தது? பிறந்ததே மார்க் 4 ஆகத்தான். மார்க் 2 வேறு வண்டி. நான் பிறப்பதற்கு முன்னால் அப்பா வைத்திருந்தது. நீ பதினொரு வயது வரை பின்சீட்டில் படுத்துக்கொண்டு போன வண்டி. எனக்கு அது ஆல்பத்தில் இருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அவ்வளவுதான். அந்தப் படத்தைப் பெரிதாக்கித் துரையின் ஷெட் சுவரில் ஒட்டிவைத்து, புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கி, என் வண்டியின் முகத்தைப் பிய்த்துவிட்டு உன் வண்டியின் முகத்தை ஒட்டியிருக்கிறாய்.

பொட்டு இருந்த இடத்தைத் தேடினேன். விரலால் தடவிப் பார்த்தேன். வழவழ என்று இருந்தது.

நீ அதைக் கவனிக்கவே இல்லை. பின்பக்கம் இடதுகைக் கதவைக் காட்டுவதில் மும்முரமாக இருந்தாய். அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. சேலையின் கரையைக் கிழித்தெடுத்த துண்டு. அதைக் கைப்பிடியிலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுபோய் முன்சீட்டின் காலில் முடிச்சுப் போட்டிருந்தாய். "அந்த வண்டில இந்தக் கதவு சரியா சாத்தாது. அப்பா கடைத் துணியில இப்படித்தான் கட்டி வப்பாரு. கரைத்துணி அறவே அறாதுன்னு சொல்வாரு. இதுகூட எனக்கு மறக்கல பாரு" என்று பெருமை அடித்துக்கொண்டாய்.

அப்போதுதான் அம்மா வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். "அம்மாவுக்கு அழுகையே வந்துருச்சு, பாத்தியா?" என்றாய் நீ. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நானும்தான் நினைத்தேன். அந்த எரிச்சல் வேறு எனக்கு.

அதன் பிறகு அம்மா அந்த வண்டியில் ஏறவே இல்லை. கபாலி கோயிலுக்கு ஆட்டோவில் போனாள். முட்டி வலிக்கிறது, உயரம் சரியில்லை என்று ஏதேதோ சாக்கு. உனக்கு எதுவும் உறைக்கவில்லை.

நந்தனம் மைதானத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திப் பார்வைக்கு வைத்த அன்று நடந்ததற்கு வருகிறேன். நீ வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வண்டிப் பக்கத்தில் நின்றாய். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் "எங்கப்பா வாங்கின முதல் வண்டி" என்று சொன்னாய். ஒரு பெரியவர் என் பக்கம் திரும்பி, "அப்ப நீங்கள்லாம் சின்னக் கொழந்தையா இருந்திருப்பேள், இல்லையா?" என்று அன்பாகக் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. "இல்லைங்க, இது மார்க் 4. நான் பிறந்த வருஷத்து வண்டி. ஆர்.சி. புக்கைக் காட்டட்டுமா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். பெரியவர் தர்மசங்கடமாகச் சிரித்துவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்தார். உன் முகம் செத்துப்போனது.

திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் நான்தான் ஆரம்பித்தேன். "என் வண்டியை எனக்குக் குடு. முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படிக் குடு" என்றேன். நீ சாவியை என் கையில் திணித்தாய். நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். தாழ்ந்த குரலில் சொன்னாய்:

"பாப்பா, நீ வர்றதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு வீடு இருந்துச்சு."

சாவியோடு உள்ளே போய்விட்டேன். மூன்று வாரம் நான் போன் செய்யவில்லை, நீயும் செய்யவில்லை. நாலாவது வாரம் அண்ணியின் போன் வந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்றாள்.

நான் வந்ததால் உன் வண்டி போனது என்ற கணக்கு உனக்குச் சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பதினொரு வயதில் மாடிப்படியில் விழுந்து மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய். தையல் பிரித்து வீட்டுக்கு வந்தால் வாசலில் மார்க் 2 இல்லை. ரெண்டு மாதத்தில் நான் வந்துவிட்டேன், கூடவே புது வண்டியும் வந்துவிட்டது. "பாப்பா வரப்போகுது, அதான் பழைய வண்டியக் குடுத்தாச்சு" என்று அப்பாவே உன்னிடம் சொன்னார். அதை நீ நம்பினாய். நானும் நம்பினேன். நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் "நீ வந்த, என் வண்டி போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்பேன். உள்ளுக்குள் ஏதோ திருட்டுப் பொருளோடு பிறந்த மாதிரி இருக்கும்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். அந்தக் கதவில் இருக்கிற துணியை அவிழ்த்து எறி என்றாள். அண்ணன் ஆசையாய்க் கட்டியது, இருக்கட்டுமே என்று நான் சொன்னேன். உனக்காக வக்காலத்து வாங்கினேன் என்று வைத்துக்கொள். அப்போது சொன்னாள்.

"அன்னைக்கு அந்தத் துணிய அவுத்தது நான்தான்டீ."

நீ மாடிப்படியில் விழவில்லை, அண்ணே. கடையிலிருந்து எல்லோரும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தீர்கள். முன்சீட்டில் அம்மா, அவள் வயிற்றில் நான். காலடியில் இருந்த சாம்பார்த் தூக்கு மூடி கழன்று தளும்பியது. கட்டுவதற்கு எதுவும் இல்லாமல் அம்மா குனிந்து, சீட்டுக் காலில் இருந்த முடிச்சை அவிழ்த்து, அந்தக் கரைத்துணியால் தூக்கைக் கட்டினாள். வீடுதான் வந்துவிட்டதே என்ற எண்ணம். அடையாறு பாலத்துக்கு முந்தின திருப்பத்தில் அப்பா வண்டியை ஒடித்தார். கதவு திறந்துகொண்டது. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நீ ரோட்டில் கிடந்தாய்.

கதவைச் சரிசெய்ய நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டவர் அப்பா. துணியை அவிழ்த்தவள் அம்மா. மூன்று நாள் கழித்துக் கண் திறந்த உனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை என்று தெரிந்ததும், ரெண்டு பேரும் சேர்ந்து உனக்கு ஒரு மாடிப்படியைக் கொடுத்துவிட்டார்கள். அந்த வண்டியைக் கண்கொண்டு பார்க்க முடியாமல் அந்த வாரமே அப்பா விற்றுத் தள்ளிவிட்டார். பழியைத் தூக்கிப் போட ஒரு இடம் வேண்டும். இன்னும் பிறக்காத பிள்ளை வாய் திறந்து மறுக்கவா போகிறது?

அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் உங்கள் ரெண்டு பேர் வாயிலும் என்ன இருந்தது என்று கேட்டேன். எழுபத்தெட்டு வயதுக்காரியிடம் இப்படிக் கேட்கலாமா என்று யோசிக்கவில்லை, கேட்டேன். "சொல்லிருந்தா அவன் எங்கிட்டச் சாப்பிட்டிருப்பானா?" என்றாள். அதற்குப் பதிலை நீயே வந்து சொல்.

ஆனால் எனக்கு உன்மேல்தான் அதிகக் கோபம். இன்னும் ஒரு மூன்று வாரம் பொறுத்திருக்கக் கூடாதா? ஒரு போன் செய்திருந்தால் நான் எடுத்திருப்பேன். உன்னைத் தூக்கி ரோட்டில் எறிந்த வண்டியை, ஏழு மாதம் மெனக்கெட்டு, உன்னை எறிந்த அந்தக் கதவின் முடிச்சு வரைக்கும் சரியாகத் திருப்பிக்கொண்டு வந்து, பெற்றவள் முன்னால் நிறுத்திவிட்டு, அவள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று சொன்னவனை நான் என்ன செய்வது?

துரை இன்று காலை பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தான். மாட்டிவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை நாளாக நான் கேட்டதே அதுதான். ஆனால் வரவில்லை. உன் வீட்டை ரெண்டாவது தடவையும் நான் வந்து காலி செய்தேன் என்று பேர் வேண்டாம். முதல் தடவைப் பழியே என்னுடையது இல்லை. "வேண்டாம் துரை, வண்டி இப்படியே இருக்கட்டும்" என்றேன். இது மன்னிப்பு என்று நினைத்துக்கொள்ளாதே.

கிரிலைச் சாக்கோடு தூக்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன். இனி உன் வண்டி போகும் இடத்துக்கெல்லாம் என் வண்டியும் பின்னால் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு வரும். கேட்டுக்கொண்டிரு.

பிறகு அந்தச் சிவப்புத் துணியை அவிழ்த்தேன். நீ போட்ட முடிச்சு லேசில் விடவில்லை, பல்லால் கடித்து இழுக்கவேண்டியிருந்தது. அது இப்போது என் கைப்பையில் இருக்கிறது. துரை கதவைச் சாத்திக் காட்டினான். டக்கென்று பூட்டிக்கொண்டது. இந்த வண்டியில் அந்தக் கதவுக்கு என்றைக்குமே ஒரு குறையும் இருந்ததில்லை. சும்மாதான் கட்டி வைத்திருந்தாய்.

மத்தியானம் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வண்டியை வெளியே எடுத்தேன். வாசலில் நின்று அந்தக் கைப்பிடியையே பார்த்தாள். துணி இல்லை என்று தெரிந்ததும் மெல்ல வந்து முன்சீட்டில் ஏறினாள். "பின்னாடி கதவப் பாத்தியா?" என்று கேட்டாள். இறங்கிப் போய் இழுத்துப் பார்த்தேன். வந்து உட்கார்ந்தேன். சாவியைத் திருகிய பிறகு, இன்னொரு தடவை இறங்கிப் போய் இழுத்துப் பார்த்தேன்.

பின்சீட்டில் யாரும் இல்லை, அண்ணே.