நம்பர் இல்லாத ஓட்டம்

செப்டம்பர் 8, திங்கள்
காலையிலேயே புழுக்கம். ஆபீசுக்கு முன் நீச்சல் குளம், பெண்கள் நேரம். மூக்கில் ஏறிய தண்ணீர், எரிச்சல் இன்னும் போகவில்லை. பக்கத்து சீட் தல்ஜீத் என் பெயரையும் கொடுத்துவிட்டாள். அடுத்த மாதம் போட்டி. நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நீந்தக் கற்க ஆரம்பித்ததே இந்த மே மாதம்தான்.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடக்காமலே, "கர்ப்பப்பைய எடுத்து ரெண்டு வருசம் ஆகல. ஒனக்கு எதுக்கு இந்தப் பாடு?"

ஆபரேஷனுக்குப் பிறகு எல்லோரும் ஒரே பேச்சு: படு, ரெஸ்ட் எடு. படுத்துப் படுத்தே அலுத்துவிட்டது. அதை இவரிடம் எப்படிச் சொல்ல.

செப். 17, புதன்
தூறல். மகனின் பழைய சைக்கிளில் ரிங் ரோடு வரை. பஸ் கண்டக்டர் ஜன்னல் வழியே, "மாதாஜி, பஸ் மே ஆ ஜாவோ!" பஸ்ஸிலேயே ஏறிக்கொள் தாயே என்கிறான். பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.
சப்பாத்தி மாவு பிசையக் கை வரவில்லை. தயிர்சாதம். முழங்காலுக்குத் தைலம்.

அக். 4, சனி
நாளைக்குப் போட்டி. இவரைக் கூப்பிடவில்லை. துணி வாளியிலேயே ஊறுகிறது. பயம்.

அக். 5, ஞாயிறு
கூப்பிடாமலே வந்தார், சைக்கிளை உருட்டிக்கொண்டு.

குளத்தில் பாதி தூரம். யாருடைய காலோ முகத்தில் பட்டது. தண்ணீர் குடித்துவிட்டேன். கயிற்றைப் பிடித்தவள் விடவில்லை. காவலாள் குதித்து இழுத்து வந்தான். கரையில் இருமல். போட்டி நடத்துகிறவர் பட்டியலில் என் நம்பரை அடித்துவிட்டு, "மேடம், கர் ஜாயியே. ஆராம் கீஜியே."

வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்க வேண்டுமாம். அழுகை வந்தது.

"வா, ஆட்டோ பிடிப்போம்" என்றார் இவர்.

"சைக்கிளக் குடுங்க."

"நம்பர அடிச்சிட்டாம்லா. இனி ஓடி என்னத்துக்கு?"

"ஓடத்தான வந்தேன். குடுங்க."

கொடுத்தார்.

சைக்கிளை விட்டு இறங்கியபோது கால் இரண்டும் மரக்கட்டை. ஓட்டம் என்று பெயர். பாதிக்கு மேல் நடைதான். தூரத்தில் பரிசெல்லாம் கொடுத்து முடித்து மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னால் செருப்புச் சத்தம். இவர்!

"மெதுவாப் போ. நானும் வாரேன்."

கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம். என்னைவிட அவருக்குத்தான் அதிகம் மூச்சு இரைத்தது. முடிவுக் கோட்டைத் தாண்டினோம். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. புல்லில் உட்கார்ந்தோம். எழுந்திருக்க இரண்டு பேராலும் முடியவில்லை.