நான் விளக்குப் போட்ட மூன்று தடவை

சிங்காநல்லூர்
ஆனி 12

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அதில் உன் அம்மாவுடையது மட்டும் கொஞ்சம் தையல் போட்ட நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஷ்ரவ்யாவும் ஆக்லாந்து குளிரில் சளி பிடிக்காமல் இருக்க அவிநாசியப்பன் துணை. பக்கத்து வீட்டு சைதன்யா அங்கே வருகிறாள், பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். போனில் மூச்சு விடக்கூடாது என்று உன் அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். கடிதத்தைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

கர்ப்பப்பையில் சின்னக் கட்டி, எடுத்துப்போட்டார்கள் என்றுதானே உன்னிடம் சொன்னாள்? அது வெறும் கட்டி இல்லை கண்ணு, புற்றுநோய். பதறாதே, இப்போது நல்லபடியாக இருக்கிறாள், மீதியையும் படி. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், அம்மா தூரமான நாட்களில் சாமி ரூமுக்குள் போகமாட்டாள், ஏனுங்க இன்னைக்கு விளக்கு நீங்க போட்டுருங்க என்பாள், நானும் போடுவேன், அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் எல்லாம் நின்று எனக்கும் அந்த டியூட்டி முடிந்து ஏழு வருஷமாகிறது. போன மாசியில் திடீரென்று மறுபடி விளக்குப் போடச் சொன்னாள், போட்டேன். பங்குனியில் சொன்னாள், போட்டேன். சித்திரையில் அவிநாசித் தேரன்றைக்கும் சொன்னாள், ஒரு வருஷமும் தவறாதவள் முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள், நானும் நம்பி மாலையில் தேர்க்கடையில் கரும்புச்சாறு குடித்துவிட்டு வந்தேன். பட்டறையில் இருந்தபோது பம்பில் ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகினாலும் கழற்றிப் பார்த்த மனுஷன் நான், வெட்கக்கேடு.

அப்புறம்தான் நம் வீதிக் கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கு முகாம் போட்டார்கள். வண்டியில் கொண்டுபோய் விட்ட வீட்டுக்காரர்கள் எல்லாம் பின்வரிசையில் போண்டாவுக்காக உட்கார்ந்திருந்தோம். சாஜிதா பேகம் என்று ஒரு நர்ஸம்மா, மைக்கே வேண்டாத குரல், மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆனபிறகு ஒரு துளி பட்டாலும் வந்து காட்டிப்போடுங்க, முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது, ஆனா அதை வீட்ல உக்காந்து நீங்களே முடிவு பண்ணாதீங்க என்றது. எனக்குப் போண்டா தொண்டையில் நின்றுவிட்டது. எழுந்து நின்று, ஏனுங்க சிஸ்டர், மூணு தடவை என்னை விளக்குப் போடச் சொன்னா அது அந்தக் கணக்கில சேருமுங்களா என்று கேட்டுவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. உன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நர்ஸம்மா சிரிக்கவில்லை, நேராக அவளிடம் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்கு ரசம்தான், பேச்சும் கிடையாது. மூன்றாம் நாள்தான் சொன்னாள், மறுபடி வந்ததும், உடம்புல இன்னும் தெம்பு இருக்குதுன்னு நெனச்சேனுங்க என்று.

ஸ்கேன், சதைப் பரிசோதனை எல்லாம் எடுத்து முடிவு வரும் வரைக்கும் ஒன்பது நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை அம்மணி. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன், பயந்துபோனேன். கர்ப்பப்பைக்குள்ளேயே அடங்கியிருந்ததால் ஆபரேஷனோடு சரி, இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முப்பத்தாறு வருஷமாக ஏன் என்று கேட்காமல் விளக்குப் போட்டதை மரியாதை என்று நினைத்திருந்தேன். என் கூச்சத்துக்கு நான் வைத்திருந்த பெயர் அது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை ஞாபகப்படுத்தியும், ஆபீசில் வேலை என்று நீ போகவில்லையாமே, நீயே அம்மாவிடம் உளறியிருக்கிறாய். அந்த இடத்துப் புற்றுநோய் வேறு வகை, ஒரு தொந்தரவும் காட்டாமல் வருஷக்கணக்கில் உள்ளே இருக்குமாம், அதனால் நன்றாக இருக்கும்போதே பார்க்கவேண்டும் என்றது நர்ஸம்மா. ஷ்ரவ்யாவுக்குப் பதினொன்று ஆகிறது, அதற்கான தடுப்பூசியையும் அப்படியே விசாரித்துக்கொள்.

இன்றைக்குக் காலையில் உன் அம்மா கட்டிலிலிருந்து மெல்ல எழுந்து வந்து, ஏனுங்க, இன்னைக்கு விளக்கு நானே போடறேனுங்க என்றாள். ஏன் என்று கேட்டேன். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது, கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படிக் கேட்டதே இல்லை. தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சும்மாதானுங்க, ஆசையா இருக்குது என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, எண்ணெய் எடுக்கப் போகிற மாதிரி சமையலறைக்குள் போய்விட்டேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். மறக்காதே, பரிசோதனைக்குப் போய் வந்த சீட்டு இந்த மாதத்துக்குள் என் போனுக்கு வரவேண்டும். வராவிட்டால் உன் மாமனார், மாமியார், நாத்தனார் என்று நூற்று நாற்பது பேர் இருக்கிற நம் சொந்தக்கார வாட்ஸப் குரூப்பில், லோகப்பிரியா ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்பேன். மண்டபத்தில் எழுந்து நின்றவன் நான்.

உன் அப்பா,
ஈஸ்வரமூர்த்தி