ஏசி போடாத நூறு கிலோமீட்டர்

சித்திரை 9, செவ்வாய்

மம்சாபுரம் காதரின் கார் இன்று மதுரை போகும் வழியில், திருமங்கலத்தில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது. கண் ஆபரேஷனுக்குக் கிளம்பிய அவன் அம்மா இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. நான் வேனில் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தேன். இடுப்பு கழன்றுவிட்டது.

பழைய காரில் இன்ஜினைக் கழற்றி பேட்டரியும் மோட்டாரும் மாட்ட அவன் என்னைப் பார்த்துத்தான் கற்றான். என் கார் ஒரு சார்ஜில் நூறு கிலோமீட்டர் ஓடும் என்று, இப்படிக் கார் மாற்றுகிற எங்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டவன் நான். ஏசி இல்லாமல், தனியாளாய், முப்பது வேகத்தில் ஓட்டியதைப் போடவில்லை.

கயிறு கட்டும்போது, "நாந்தாண்ணே வயரிங்ல என்னமோ கோளாறு பண்ணிட்டேன்" என்றான். நான் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினேன்.

இப்போது குரூப்பில் யாரோ, "நெசமாவே அம்புட்டு ஓடுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். காதர் பதில் போட்டிருக்கிறான்: "அண்ணன் காரு ஓடும். என் கைதான் சரியில்ல."

அதற்கு நானும் ஒரு லைக் போட்டிருக்கிறேன்.